சாவி கொடுத்த மறுநாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஹூஸ்டனில் உனக்கு வேலை கிடைத்த சேதியை உன் அப்பா போனில் சொன்னான். வீடில்லாமல் தெருவில் கிடக்கும் முன்னாள் படைவீரர்களுக்கு வீடு பிடித்துத் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கேஸ் மேனேஜர் வேலை என்றான். அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் சமூகப் பணியாளனாக இதே மனிதர்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வாழ்த்தை அப்போதே சொல்லிவிட்டேன். போனில் நிதானமாகச் சொல்ல முடியாத சிலவற்றை எழுதத் தோன்றியது.

உன் அப்பா என்னிடம் ஒன்று கேட்டான். "பட்டாளத்துக்காரங்களுக்குத்தான் பென்ஷன் வருமே அண்ணே, அவங்க எப்படித் தெருவுக்கு வந்தாங்க?" நம்மூரில் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். நம் ராணுவத்தில் 15 ஆண்டு சிப்பாயாக இருந்தவர் பென்ஷனோடு ஊர் திரும்புவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். மாவட்டத்துக்கு ஒரு முன்னாள் படைவீரர் நல அலுவலகம், ராணுவ கேன்டீன் என்று அவர்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கும். அமெரிக்காவில் ராணுவப் பென்ஷனுக்கு 20 ஆண்டு சேவை வேண்டும். பெரும்பாலானவர்கள் நாலைந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறார்கள். பதினெட்டு வயதில் போனவன் இருபத்துமூன்று வயதில் திரும்புகிறான். உடம்பில் அடிபட்டிருந்தால் அதற்கு ஈட்டுத்தொகை உண்டு. ஆனால் அதை விண்ணப்பித்து, நிரூபித்து, காத்திருந்துதான் வாங்க வேண்டும்.

போர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களின் மன உளைச்சலை ஒரு நோயாக அமெரிக்க மருத்துவ உலகம் பதிவு செய்ததே 1980-ல்தான். அதுவரை அவர்களில் பலர் குடித்துச் சமாளித்தார்கள். அது உண்மை. கூடவே வாடகை ஏற்றம், முறிந்த கல்யாணம், பட்டாளத்துக்குப் போகும் முன்பே இருந்த வறுமை, நிறப் பாகுபாடு எல்லாம் சேர்ந்துதான் ஓர் ஆளைத் தெருவில் தள்ளுகின்றன. மொத்த முன்னாள் படைவீரர்களில் கறுப்பினத்தவர் எட்டில் ஒருவர். வீடில்லாத படைவீரர்களிலோ கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், உன் எதிரில் வந்து உட்காருகிறவரைப் போரின் கதையாக மட்டும் பார்க்க மாட்டாய்.

இந்த வேலையில் சேருகிறவர்களை முதலில் பிடிக்கும் வியாதி அவநம்பிக்கை. அதற்கு மருந்தாக ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஓர் இரவில் நாடு முழுக்க வீடற்றவர்களை எண்ணுகிறார்கள். 2010-ல் முன்னாள் படைவீரர்கள் 74,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2024-ல் 32,882 பேர். பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அதே 2024-ல் நாட்டின் மொத்த வீடற்றவர்கள் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 18 சதவீதம் ஏறி 7,71,480 ஆனது. ஊரே மூழ்கும்போது ஒரு தெருவில் மட்டும் தண்ணீர் வடிந்தால், அங்கே யாரோ வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

வெட்டியவர்கள் செய்தது இதுதான். ஹட்-வாஷ் என்ற திட்டம் 1992-ல் சிறிதாகத் தொடங்கி 2008-லிருந்து பெரிதாக வளர்ந்தது. வீட்டுவசதித் துறை வாடகைக்கு வவுச்சர் தருகிறது. வி.ஏ. என்கிற முன்னாள் படைவீரர் துறை கேஸ் மேனேஜரைத் தருகிறது. குடியிருப்பவர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டினால் போதும், மீதியை வவுச்சர் பார்த்துக்கொள்ளும். பணமும் ஆளும் சேர்ந்து வருவதுதான் இதன் பலம். நீண்ட காலம் தெருவில் கிடந்து உடம்பும் மனசும் கெட்டவர்களுக்கு இது. வேலை போய், மருத்துவச் செலவு வந்து இப்போதுதான் வீட்டை இழந்தவர்களுக்கும் இழக்கப் போகிறவர்களுக்கும் எஸ்.எஸ்.வி.எஃப். என்ற இன்னொரு திட்டம் 2011 முதல் நடக்கிறது. அட்வான்ஸ், பாக்கி வாடகை, சில மாத உதவி என்று கொடுத்து ஆளை உடனே நிமிர்த்திவிடும். நீ போகும் ஹூஸ்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் ஒரே பட்டியலை வைத்து வேலை செய்தன. மூன்றாண்டுகளில் 3,600-க்கும் மேற்பட்ட படைவீரர்கள் வீட்டுக்குள் போனார்கள். 2015-ல் அந்த நகரம், இனி தெருவுக்கு வரும் படைவீரர் எவரையும் சீக்கிரமே வீட்டில் சேர்க்கும் ஏற்பாடு தன்னிடம் இருக்கிறது என்று அறிவித்தது. நீ காலியிடத்தில் போய் நிற்கவில்லை. உனக்கு முன்னால் நிறையப் பேர் பாடுபட்டு வைத்த இடத்தில் நிற்கிறாய்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒருவருக்கு வீடு கிடைப்பது பாதி வேலைதான். கிடைத்த வீட்டில் அவர் தங்குவது மீதிப் பாதி. முதல் பாதிக்கு ரிப்பன் வெட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். இரண்டாவது பாதியை யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். உன் உழைப்பில் பெரும்பங்கு அந்த இரண்டாவது பாதிக்குப் போகட்டும்.

முதல் பாதியில் உனக்கு ஒரே கட்டளைதான்: தாமதிக்காதே. "முதலில் குடியை நிறுத்தட்டும், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடட்டும், அப்புறம் வீடு பார்க்கலாம்" என்று சொல்கிறவர்கள் உன் அலுவலகத்திலேயே இருப்பார்கள். 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் திருப்பிப் போட்டார். நிபந்தனை இல்லாமல் முதலில் வீடு, சிகிச்சை அதன் பிறகு, அதுவும் குடியிருப்பவர் விருப்பப்படி. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநோய் உள்ள வீடற்றவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வின் கடைசி ஆறு மாதமும் முழுக்க வீட்டில் இருந்தவர்கள், நிபந்தனையின்றி வீடு பெற்றவர்களில் 62 சதவீதம். வழக்கமான உதவியை மட்டும் பெற்றவர்களில் 31 சதவீதம்.

எதிர்த்தரப்பையும் நீ நேர்மையாகக் கேட்க வேண்டும். வீடு கொடுத்ததாலேயே குடியும் போதையும் மனநோயும் மற்றவர்களைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்றும் இப்படிப்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. இதைப் பிடித்துக்கொண்டுதான் "வீடு முதலில்" என்ற கொள்கையே தோற்றுவிட்டது என்கிறார்கள். 2025 ஜூலையில் அமெரிக்க அதிபரின் ஆணை ஒன்றும் அந்தக் கொள்கைக்கான மத்திய அரசு ஆதரவை நிறுத்தச் சொன்னது. நான் பார்த்தவரை, கூரை ஒரு நோயையும் குணமாக்குவதில்லை. ஆனால் பாலத்துக்கு அடியில் படுக்கிறவனுக்கு எந்த வைத்தியமும் பலிப்பதில்லை. மாத்திரையை வைக்க ஓர் அலமாரி, டாக்டர் கடிதம் போட ஒரு விலாசம், ராத்திரி கண்மூட ஒரு தாழ்ப்பாள் வேண்டும். ஆகவே வீட்டைப் பரிசாக்காதே. அதே சமயம் வீட்டைக் கொடுத்துவிட்டு ஆளைக் கைகழுவுகிற திட்டத்துக்கும் துணை போகாதே.

தாமதம் பெரும்பாலும் காகிதத்தில்தான் ஒளிந்திருக்கும். படையிலிருந்து விடுவித்த சான்றிதழை இங்கே டிடி-214 என்பார்கள். அது இல்லாமல் பல கதவுகள் திறக்காது. தெருவில் இருப்பவரிடம் அது நனைந்து, கிழிந்து, திருட்டுப் போயிருக்கும். 1973-ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் பெரும்பகுதி சாம்பலானது. மற்றப் பிரிவுகளையும் சேர்த்து ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல் கோப்புகள் போயின. ஒரு பெரியவர் என் எதிரில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பைக்குள் இருந்த பழைய சம்பளச் சீட்டையும் படையணியோடு எடுத்த மங்கலான போட்டோவையும் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "நான் போய்வந்தது நிஜம்தான் என்று நீங்களாவது நம்புங்கள்" என்றார். நம்புவதிலிருந்துதான் நம் வேலை ஆரம்பிக்கிறது. மாற்றுச் சான்றுகளைத் தேடி எழுதுவது, பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவது, அவரைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது எல்லாம் உன் பொறுப்பு. "இந்தப் பேப்பரைக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி அவரைத் தனியே அனுப்பிவிடாதே. ஏற்கெனவே அலைக்கழிக்கப்பட்டவர், இன்னொரு தடவை திரும்பி வர மாட்டார்.

வவுச்சர் கைக்கு வந்த பிறகு வீடு தேடக் குறைந்தது 120 நாள் அவகாசம் தருகிறார்கள். கேட்க நிறையத் தோன்றும். ஆனால் வவுச்சர் என்றாலே முகம் சுளிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. வீட்டைச் சோதனை போட ஆள் வர வேண்டும். அதற்குள் வேறொருவர் ரொக்கத்தோடு வந்து வீட்டைத் தட்டிக்கொண்டு போவார். அதனால் வீட்டுக்காரர்களையும் உன் மனிதர்களாக ஆக்கிக்கொள். அவர்கள் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. ராத்திரி தகராறு என்றால் போனை எடுக்கிற ஒருவர் வேண்டும். நீ எடுப்பாய் என்று தெரிந்துவிட்டால், அடுத்த வீடு காலியாகும்போது அவரே உன்னைக் கூப்பிடுவார்.

இப்போது சாவி கொடுத்தாயிற்று. மறுநாள் என்ன நடக்கிறது?

வியட்நாமில் இருந்த ஒருவர் வருடக்கணக்காக மேம்பாலத்தடியில் வாழ்ந்தவர். அவருக்கு ஒரு படுக்கையறை வீடு கிடைத்தது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். புதுக் கட்டில் மேல் மெத்தை, அதன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அவர் வாசல் கதவை ஒட்டித் தரையில், பூட்ஸைக் கழற்றாமல், தோள்பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டிருந்தார். சமையலறையில் ஒரு பாத்திரம் இல்லை. ஃபிரிட்ஜில் பர்கர் கடையில் தந்த சாஸ் பாக்கெட்டுகள். "ரொம்ப அமைதியாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை" என்றார். கட்டிலில் படுங்கள் என்று நான் சொல்லவில்லை. இருவரும் போய் ஒரு வாணலியும் முட்டையும் ஒரு சின்ன ரேடியோவும் வாங்கி வந்தோம். ராத்திரி ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் போனபோது அவர் படுக்கை கதவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்திருந்தது. மெத்தை உறை பிரிய மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால், அவர் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் பழைய பாலத்துக்குப் போயிருப்பார். போனவர்கள் உண்டு.

வீடு பறிபோகிற விதங்களை நீ முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தெருவில் கூட இருந்த கூட்டாளிகள் "ரெண்டு நாள்" என்று வந்து தங்குவார்கள். மறுக்க இவருக்கு மனம் வராது, ஒப்பந்தத்தை மீறிவிட்டதாக வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்புவார். இன்னொன்று, பிரிக்காத தபால். வவுச்சர் பெறுகிறவர்கள் குறித்த காலத்துக்கொரு முறை வருமானக் கணக்கைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். அரசாங்கக் கவரைக் கண்டாலே கெட்ட செய்திதான் என்று பழகியவர் அதைப் பிரிக்காமல் ஓரமாக அடுக்கி வைப்பார். கடைசித் தேதி தாண்டிவிடும். வீட்டுக்குப் போனால் நலம் விசாரித்த கையோடு "தபால் ஏதாவது வந்ததா?" என்று கேள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்து பிரியுங்கள். பெரிய சிகிச்சை முறைகளைப் படித்துவிட்டு வந்திருக்கிறாய், இது சின்ன விஷயமாகத் தோன்றும். நான் கண்டவரை நிறைய வீடுகளைக் காப்பாற்றியது இந்தச் சின்ன விஷயம்தான்.

மூன்றாவது தனிமை. தெருவில் பசி இருந்தது, ஆனால் பேச ஆள் இருந்தது. நாலு சுவருக்குள் வந்ததும் பழைய நினைவுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அவரை ஒரு வேலைக்கோ, ஒரு தேவாலயக் குழுவுக்கோ, பக்கத்துத் தோட்டத்துக்கோ, வேறொரு படைவீரரின் வீட்டு காபிக்கோ கொண்டுபோய்ச் சேர். 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி கிடைக்கும். அவர் கண்ணில் படும்படி அதைச் சுவரில் எழுதி ஒட்டு.

உன் கண்ணில் படும் தடைகளில் சில, நீ எவ்வளவு ஓடினாலும் நகராது. ஏனென்றால் அவை விதியிலேயே இருக்கும். அப்போது விதியோடுதான் மோத வேண்டும். இதற்கு ஓர் உதாரணம் போதும். குறைந்த வருமானக்காரர்களுக்காகக் கட்டும் வீடுகளில் குடியேற ஒரு வருமான வரம்பு உண்டு. போரில் ஊனமானவருக்கு வரும் ஈட்டுத்தொகையையும் வருமானமாகக் கணக்கிட்டார்கள். ஊனம் கூடுதல் என்றால் ஈட்டுத்தொகை கூடுதல், ஈட்டுத்தொகை கூடினால் வரம்பைத் தாண்டிவிடுவார். அதிகம் அடிபட்டவருக்கே வீடு இல்லை என்றானது. கேஸ் மேனேஜர்களும் வழக்கறிஞர்களும் படைவீரர்களும் விடாமல் எடுத்துச் சொன்ன பிறகு, 2024 ஆகஸ்டில் வீட்டுவசதித் துறை ஹட்-வாஷ் தகுதிக் கணக்கிலிருந்து அந்தத் தொகையை விலக்க வழி செய்தது. கௌரவமான விடுவிப்பு இல்லாதவர்கள் நிலையும் அப்படித்தான். படையில் குடித்ததற்கோ சண்டை போட்டதற்கோ அப்படி அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு, அந்த நடத்தைக்கே போர்க் காயம்தான் காரணமாக இருக்கும். அவர்களில் பலருக்கும் ஹட்-வாஷ் கதவு 2021-ல்தான் திறந்தது. அதற்கு முன்பே கன்சாஸ் சிட்டியில் சில முன்னாள் படைவீரர்கள் கூடி, படையில் உறுதிமொழி எடுத்த எவரும் வரலாம் என்று சொல்லி 49 சின்ன வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

நான் வேலை செய்த லாஸ் ஏஞ்சலிஸில் இன்னும் பெரிய பாடம் இருக்கிறது. 1888-ல் ஊனமுற்ற படைவீரர்கள் தங்குவதற்கென்று அங்கே நிலம் தானமாகக் கொடுக்கப்பட்டது. அதில் 388 ஏக்கர் இன்றும் வி.ஏ. வசம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் குடியிருந்த இடம். பிற்பாடு அதில் குத்தகைக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானமும் தனியார் பள்ளியின் விளையாட்டுத் திடல்களும் வந்தன. 2020, 2021-ல் அதே வேலிக்கு வெளியே சான் விசென்டே சாலை நடைபாதையில் படைவீரர்கள் கொடிகளைக் கட்டிக் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். அந்த நிலத்துக்காக 2011-ல் வழக்கு, 2015-ல் உடன்பாடு, 2016-ல் 1,200 வீடுகளுக்கான திட்டம் என்று காகிதம் வளர்ந்தது, கட்டடம் மெதுவாகத்தான் எழுந்தது. 2022-ல் மறுபடி வழக்கு. 2024 செப்டம்பரில் நீதிபதி டேவிட் கார்ட்டர் அந்தக் குத்தகைகள் செல்லாது என்றும், அங்கே நிரந்தர வீடுகள் 1,800-ம் தற்காலிக வீடுகள் 750-ம் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். அந்த வழக்கைப் போட்டவர்கள் நம்மைப் போன்றவர்களிடம் வீடு கேட்டு வந்து நின்ற அதே மனிதர்கள். நிலமும் பணமும் சட்டமும் இருந்தும், கேட்கிற குரல் ஓய்ந்தால் எதுவும் நகராது என்பதை அங்கே கண்கூடாகப் பார்த்தேன்.

ஆகவே ஒரு நோட்டு வைத்துக்கொள். யார் பெயரையும் எழுதாமல், எந்த விதியால் எத்தனை நாள் தாமதம், எந்தக் காரணத்தால் வீடு போனது என்று குறித்து வா. மாதக் கூட்டத்தில் எத்தனை பேருக்குச் சாவி கொடுத்தோம் என்று வாசிப்பார்கள். ஓர் ஆண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் அதே வீட்டில் இருக்கிறார்கள் என்று நீ கேள். அந்தக் கேள்வியைக் கேட்கிற நிறுவனம் தானே திருந்தும். ஒரு கேஸ் மேனேஜர் தலையில் எத்தனை பேரைச் சுமத்துகிறார்கள் என்பதையும் அதே கூட்டத்தில் பேசு. வவுச்சர் இருந்தும் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அது முடங்கிக் கிடப்பதை நீயே காண்பாய். போதுமான சம்பளமும் தாங்கக்கூடிய சுமையும் கேட்பது சுயநலமில்லை. மூன்று மாதத்துக்கொரு புது முகம் வந்தால் அந்த மனிதர்கள் யாரிடம் மனம் திறப்பார்கள்?

உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில பேர் உன்னிடம் கத்துவார்கள். அந்தக் கோபம் உனக்கு முன்னால் அவரை ஏமாற்றிய பத்துப் பேர் மேல் உள்ளது. பதிலுக்குக் கத்தாதே, ஆனால் ஆபத்து என்று தோன்றினால் தயங்காமல் வெளியே வந்துவிடு. தனியாகப் போக வேண்டாத வீட்டுக்குத் துணையோடு போ. செய்ய முடியாததைச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதே. சொன்ன நேரத்துக்குப் போய் நில். பட்டாளத்துக்காரர்கள் நேரம் தவறாதவர்களை நம்புவார்கள். வீட்டுக்கு வந்தால் நன்றாகச் சாப்பிடு, தூங்கு, வாரம் ஒருமுறை அம்மாவோடு பேசு. நீ வருடக்கணக்கில் இந்த வேலையில் நிலைத்திருந்தால்தான் அவர்களும் வீட்டில் நிலைப்பார்கள்.

முதல் ஆளுக்கு வீடு அமைந்ததும் எனக்குப் போன் செய்வாய், தெரியும். சந்தோஷமாகக் கேட்பேன். ஆனால் ஒரு வருடம் கழித்து அவர் வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாம் தடவை கையெழுத்துப் போடும் நாளில் நீ கட்டாயம் கூப்பிட வேண்டும். உன் வேலை பலித்ததற்கு அதுதான் அத்தாட்சி.

நல்லா இரு.

அன்புடன்,
பெரியப்பா